தூண் பழக வேண்டும்

படகுத்துறைத் தூண் மாதிரிக் கடல்மீன் தொட்டி கட்டக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் பெரும்பாலும் மீன் பட்டியலோடுதான் வருகிறார்கள். கோமாளி மீன் இத்தனை, நீல டாம்சல் இத்தனை என்று செல்போனில் எழுதி வைத்திருப்பார்கள். அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் போய் ஒரு தூணைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பிவிடுவேன். காசிமேடு, பழவேற்காடு, மண்டபம், பாம்பன் என்று எங்கே வசதியோ அங்கே போகலாம். தண்ணீர் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் நன்றாக இறங்கும். ஒரே தூணின் முன்னால் நிதானமாக நின்று, உச்சியிலிருந்து அடி வரைக்கும் என்னென்ன இருக்கிறது என்று எழுதி வர வேண்டும். எழுதி வருகிறவனுக்குத்தான் சாந்து குழைக்கச் சொல்லித் தருவேன்.

கடலில் நின்று பழகிய தூணில் மாடி மாடியாகக் குடியிருப்பு உண்டு. அலை தெறிக்கும் உச்சியில் உப்புப் பூத்து, கறுத்த பூச்சு மட்டும் இருக்கும். அதற்குக் கீழே கொட்டலசு. கை வைத்தால் கிழித்துவிடும். கொட்டலசு நெருங்கி முடிகிற இடத்தில் ஆளி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கிற அடிப்பகுதியில்தான் கடற்பஞ்சு, குழாய்ப்புழு, கடற்சாமந்தி மாதிரி மெல்லுடம்புக்காரர்கள் எல்லாம் இருப்பார்கள். சென்னைக் கரையில் பெருக்கு நாளில்கூட நீர் ஏறி இறங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். பாக் நீரிணைப் பக்கம் அதைவிடக் குறைவு. அதனால் நம் தூண்களில் இந்த அடுக்குகள் எல்லாம் ஒரு ஆள் உயரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இரண்டடி உயரத் தொட்டியில் இந்தக் காட்சியைக் குறுக்கிக் கொண்டுவர முடிவதும் அதனால்தான்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். தூணுக்கு முகமும் உண்டு, முதுகும் உண்டு. வெயில் விழும் பக்கம் பச்சைப் பாசி பிடித்திருக்கும். துறைப் பலகையின் நிழலிலேயே இருக்கும் பக்கம் பாசி குறைந்து, கடற்பஞ்சு பரவியிருக்கும். தொட்டியில் விளக்கு எந்தப் பக்கம் வரப்போகிறது என்று முடிவு செய்யாமல் தூணில் கை வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். விளக்குப் பக்கத்தில் தானாகப் பாசி வரும், அதைத் தடுக்க முடியாது. நிழல் பக்கத்தை நாம் தயார் செய்து வைக்க வேண்டும்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் மீன் வியாபாரி அல்ல. பூங்காக்களில் மரக்கட்டை மாதிரியே சிமெண்டில் பெஞ்சும் கைப்பிடியும் செய்து வைத்திருப்பார்களே, அந்த வேலை செய்த மேஸ்திரி. கோயில் சுதை வேலையிலும் கொஞ்ச காலம் இருந்தவர். கொளத்தூரில் மீன் தொட்டிகளுக்குப் பின்புறப் பாறை செய்து தரச் சொல்லி யாரோ கூப்பிட, வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். பிறந்த ஊர் பாம்பன். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்துத் தூண்களின் ஓரமாகத் தூண்டில் போட்டு வளர்ந்தவர். தொட்டிக்குள் பாறை வைப்பதெல்லாம் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. "பாறையில நிக்கிற மீனை நான் பார்த்ததைவிடத் தூண்ல நிக்கிற மீனைப் பார்த்ததுதான் அதிகம் தம்பி" என்பார். முதல் தூண் தொட்டியை யாரும் கேட்காமலே, பட்டறை மூலையில் கிடந்த விரிசல் விட்ட தொட்டியைச் சரிசெய்து, தனக்காகக் கட்டினார்.

இனி வேலைக்கு வருகிறேன்.

உண்மையான மரத்தையே வைத்துவிடலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். மரம் மிதக்கும். ஊறினால் சாறு இறங்கித் தண்ணீர் தேநீர் நிறமாகும். பிறகு மெல்ல அழுகி, தண்ணீரிலுள்ள பிராணவாயுவைக் குடிக்கும். பனை உப்புத் தண்ணீருக்குத் தாங்குமே என்று சொல்கிறவர்கள் உண்டு. தாங்கும், உண்மைதான். ஆனால் துறையில் பனைக்கட்டை நிற்பது கடலில். அதிலிருந்து இறங்குவது எதுவானாலும் கடல் கொண்டுபோய்விடும். இரண்டடிக்கு இரண்டடி, உயரம் இரண்டடி என்று ஒரு தொட்டி கட்டினால், விளிம்பு வரை நிரப்பினாலும் சுமார் 225 லிட்டர்தான் பிடிக்கும். அதற்குள் இறங்குவது அதற்குள்ளேயேதான் சுற்றும்.

ஆகவே தூணின் எலும்பு பிவிசி பைப். முன்னால் நிற்கும் பெரிய தூணுக்கு 110 எம்எம், நடுவில் 75, பின்னால் 50. பருமன் குறைந்துகொண்டே போனால் இரண்டடி ஆழமுள்ள தொட்டி, கண்ணுக்கு நான்கடியாகத் தெரியும். வழவழப்பான பைப்பில் சாந்து நிற்காது. ஆக்ஸா பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீற வேண்டும். கீறிய பிறகு எபாக்சி ரெசினை மெல்லிசாகத் தடவி, அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே அலசிக் காயவைத்த மணலைத் தூவி உருட்ட வேண்டும். மறுநாள் தொட்டுப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பாக இருக்கும். அதன்மேல் நைலான் வலையை இறுக்கிச் சுற்றித் தூண்டில் நரம்பால் கட்டினால் சாந்து பிடிப்பதற்குக் கவலை இல்லை.

நைலான் வலை என்று சொன்னதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. மேஸ்திரி ஆரம்பத்தில் பெஞ்சு வேலைப் பழக்கத்தில் கோழிவலையைத்தான் சுற்றினார். அதன்மேல் சாந்து அருமையாக நிற்கும். ஒரு வீட்டில் அப்படிக் கட்டிய தொட்டியில் சில மாதம் கழித்து இறால் ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்தது. நத்தைகள் கண்ணாடியை விட்டு உதிர்ந்து விழுந்தன. மீனுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அமோனியா பார்த்தார்கள், நைட்ரைட் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. மேஸ்திரி யாரிடமும் பேசாமல் தூணை வெளியே எடுத்துச் சுத்தியலால் உடைத்தார். சாந்தில் மயிரிழை விரிசல் ஒன்று, அதன் வழியே தண்ணீர் போய், உள்ளே வலை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. கோழிவலைக்குத் துத்தநாக முலாம் பூசியிருப்பார்கள். செம்பும் துத்தநாகமும் இறால், நத்தை இனத்துக்கு நஞ்சு. மீன் தாங்குகிற அளவை அவை தாங்காது. அன்றைக்கே பட்டறையிலிருந்த மற்ற தூண்கள் எல்லாவற்றையும் உடைத்துப் போட்டார். கட்டுக்கம்பி, பித்தளைத் திருகாணி, செம்புக் கம்பி எதுவும் இப்போது என் தூண் மேசைக்கு வராது. ஆணி, போல்ட் மாதிரி தெரிய வேண்டுமென்றால் பிவிசித் துண்டைச் செதுக்கி வைப்போம்.

சாந்துக்கு ஒரு பங்கு சிமெண்ட், இரண்டரைப் பங்கு சலித்து அலசிய மணல். சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டாக இருந்தால் நல்லது, சுண்ணாம்பு ஊறுவது குறையும். தண்ணீர் குறைவாக விட்டு, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் பதத்துக்குக் குழைக்க வேண்டும். நிறத்துக்கு இரும்பு ஆக்சைடு, அதாவது சிவப்பு ஆக்சைடும் கறுப்பு ஆக்சைடும் போதும். இரண்டையும் சாந்திலேயே கலந்துவிட வேண்டும். மேலே பெயிண்ட் அடிக்கிற வேலை கூடாது. தூணின் உச்சி வெளுத்த பழுப்பு, தண்ணீர்க் கோட்டருகே கறுப்பு, அடியில் மறுபடி பழுப்பு. மூன்று கிண்ணத்தில் மூன்று கலவை வைத்துக்கொண்டு, ஒன்று இறுகுவதற்குள் அடுத்ததை அதனோடு இழைக்க வேண்டும்.

மர ரேகை போடுவதில்தான் கை தெரியும். சாந்து பூசியவுடன் கீறினால் குழைந்து மூடிக்கொள்ளும். நேரம் கடந்தால் பொடிந்து உதிரும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும், வெயில் நாளில் அது இன்னும் குறுகும். மேஸ்திரி சுண்டுவிரல் பக்கவாட்டால் அழுத்திப் பார்ப்பார். ரேகை பதிய வேண்டும், சாந்து விரலோடு வரக் கூடாது. அந்தப் பதம் வந்ததும் வேறு யாரும் பக்கத்தில் பேசக் கூடாது. உடைந்த ஆக்ஸா பிளேடு ஒன்று, பல் போன சீப்பு ஒன்று, ஒரு தேங்காய் நார்க் கொத்து, ஈரப் பஞ்சு. இவ்வளவுதான் அவருடைய சாமான். பிளேடை நேராக இழுக்க மாட்டார். மணிக்கட்டைத் தளர விட்டு மேலிருந்து கீழே ஒரே மூச்சில் இழுப்பார். கணு வருகிற இடத்தில் ரேகை விலகிப் போய், கணுவைச் சுற்றிக்கொண்டு மறுபடி சேரும். அந்த விலகலைப் பழகிக்கொள்ளவே எனக்குப் பல தூண்கள் ஆயின. பிள்ளைகளுக்கு நான் சொல்வது: முதலில் மரக்கடைக்குப் போய் பழைய தேக்குக் கட்டை மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள். ரேகை எங்கே நெருங்குகிறது, எங்கே விரிகிறது என்று கைக்குத் தெரிந்த பிறகு சாந்துக்கு வாருங்கள்.

பழைய மரத்தூண் மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனாக இருக்காது. நீர் ஏறி இறங்கும் இடத்தில் துளைப்புழுக்களும் அலையும் அரித்து, அங்கே இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். இந்த ஒடுக்கத்தைத் தண்ணீர்க் கோட்டில் சரியாகக் கொண்டுவந்தால், பார்க்கிறவர்கள் காரணம் தெரியாமலே அதைக் கடல் தூண் என்று ஒப்புக்கொள்வார்கள். கொண்டுவராவிட்டால் அது பூங்காக் கைப்பிடிதான். தூண்களைத் தூக்குக்குண்டு பிடித்து நிறுத்தவும் வேண்டாம். ஒன்று லேசாகச் சாயட்டும், ஒன்றுக்குக் குறுக்குக் கட்டை கொடுக்கலாம்.

பூசி முடித்த தூணை ஈரச்சாக்கு சுற்றி ஒரு வாரமாவது நீராற்ற வேண்டும். அதற்கப்புறம் டிரம்மில் நல்ல தண்ணீரில் ஊறப்போட வேண்டும். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கிக்கொண்டே இருக்கும், தண்ணீரின் பிஎச் பத்துக்கு மேலே போய் நிற்கும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, மாற்றுவதற்கு முன் பிஎச் பார்க்க வேண்டும். ஒரு நாள் முழுக்க ஊறியும் எட்டரையைத் தாண்டவில்லை என்றால்தான் தூண் தயார். நாலு வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம். வாடிக்கையாளர் அவசரப்படுத்தினால் இந்த இடத்தில் வேலையை விட்டுவிடுங்கள். காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டாலும் பரவாயில்லை.

டிரம்மில் தூண் ஊறும் நாட்களில் கொட்டலசு வேலை. உயிருள்ள கொட்டலசை, ஆளியைத் தூணிலிருந்து பெயர்த்து வந்து தொட்டியில் வைக்கலாம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. அவை தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிரை வடித்துத் தின்கிறவை. தொட்டியில் அவற்றுக்கு வேண்டிய இரை கிடையாது. பட்டினியில் செத்து, உள்ளே அழுகி, தொட்டியையும் கெடுக்கும். நமக்கு வேண்டியது காலி ஓடு. படகைக் கரையேற்றி அடிப்பகுதியைச் சுரண்டும்போது கொட்டலசு குவியல் குவியலாகக் கிடக்கும், அதை அள்ளிவரவும் ஆசை வரும். வேண்டாம். படகின் அடியில் பூசும் கொட்டலசுத் தடுப்புப் பெயிண்டில் செம்பு சேர்ப்பது வழக்கம், ஓட்டின் அடியில் அந்தப் பெயிண்ட் செதில் ஒட்டிக்கொண்டு வரும். பழைய நைலான் வடம், கரையொதுங்கிய மிதவை, கூண்டு மீன் வளர்ப்பில் கழித்துக்கட்டிய மூங்கில் இவற்றில் காய்ந்து கிடப்பதை எடுங்கள். ஊறவைத்து, பிரஷால் உட்புறம் தேய்த்து, வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். முகர்ந்து பார்த்து வாடை கொஞ்சமும் இல்லை என்ற பிறகே ஒட்டலாம்.

ஒட்டும்போது வரிசையாக ஒட்டாதீர்கள். கடலில் பெரிய ஓட்டின் முதுகில் சிறியது உட்கார்ந்திருக்கும். நெருக்கமான இடத்தில் ஓடுகள் ஒன்றையொன்று நெருக்கி நீண்டு வளர்ந்திருக்கும். நடுவே ஒரு கொத்து பெயர்ந்து போன இடத்தில் அடிவட்டத் தழும்பு மட்டும் வெளுத்துத் தெரியும். இந்த வெறுமையை விட மனசு வர வேண்டும்.

ஓடுகளை அழகுக்காக மட்டும் நான் பொறுக்குவதில்லை. வாய் அகலத்தைப் பார்த்துப் பொறுக்குகிறேன். பிளென்னி வகைச் சிறுமீன்களுக்குக் காலிக் கொட்டலசு ஓடுதான் வீடு. வாலை முதலில் விட்டுப் பின்னோக்கி நுழைந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். ஓட்டின் வாய் அதன் உடம்பைவிட ஒரு நூல் பெரிதாக இருந்தால் போதும். அதற்குமேல் அகலமாக இருந்தால் அது குடியேறாது, பெரிய மீன் வந்து இழுத்துவிடும் என்று அதற்குத் தெரியும். ஆகவே எந்த அளவு மீன் வரப்போகிறதோ அந்த அளவில் சில, அது வளர்ந்தபின் மாறிப்போக அதைவிடக் கொஞ்சம் பெரிதாகச் சில என்று ஒட்ட வேண்டும். இதற்காகத் தூணைப் பூசும்போதே, ஓடு வரப்போகிற இடத்தில் சாந்தைக் கொஞ்சம் தடிமனாகப் பூசி, பச்சையாக இருக்கும்போதே சாய்வாக உள்ளே குடைந்துவிட வேண்டும். குடைவு பைப்பைத் தொடக் கூடாது. ஒருமுறை ஒரு பையன் ஆர்வத்தில் பைப் வரைக்கும் ஓட்டை போட்டுவிட்டான். மீன் பைப்புக்குள் போய், வாடிக்கையாளர் மூன்று நாள் மீனைக் காணோம் என்று தேடினார்.

அதே பைப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பைப்பின் இரண்டு வாயையும் சாந்தால் மூடிவிட்டால் உள்ளே தண்ணீர் போகாது என்று தோன்றும். போகும். மெல்லக் கசிந்து உள்ளே சேர்ந்து, ஓட்டமில்லாமல், காற்றில்லாமல் கறுத்துவிடும். பட்டறைத் தொட்டி ஒன்றில் அப்படி மூடியிருந்த தூணை மேஸ்திரி எடுத்துத் துளையிட்டபோது அழுகிய முட்டை நாற்றம் தெரு வரைக்கும் போயிற்று. அந்த வாயு தொட்டிக்குள் திறந்துகொண்டிருந்தால் ஒரு மீன் மிஞ்சியிருக்காது. ஒவ்வொரு தூணுக்கும் மணல் மட்டத்துக்குச் சற்று மேலே துளைகள், தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே துளைகள். மீன் நுழையாமல் நைலான் வலை. பெரிய தூணுக்குள், தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டுத் தொட்டியான சம்ப்பிலிருந்து மேலேறும் அரை இஞ்ச் பைப்பைக் கொடுத்து, திரும்பி வரும் தண்ணீரில் ஒரு பங்கைத் தூணுக்குள்ளேயே விட்டுவிடுவேன். தூண் மூச்சுவிடும், பைப்பும் வெளியே தெரியாது. மேலேறும் பைப்பில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளை போட மறக்காதீர்கள். கரண்ட் போனால் தண்ணீர் பின்னோக்கி இழுத்துச் சம்ப் வழிந்து வீடெல்லாம் உப்புத் தண்ணீராவதைத் தடுப்பது அந்தத் துளைதான். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரும் ஒன்று வேண்டும்.

தூணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. காந்தத் துடைப்பான் போக வேண்டும், கையும் போக வேண்டும். அடியில் தூண்களைத் தனித்தனியாக நிறுத்தாமல் கெட்டியான பிவிசித் தகடு ஒன்றில் எல்லாவற்றையும் பொருத்தி, அந்தத் தகட்டை மணலுக்குள் மறைத்துவிடுங்கள். ஒரு தூண் சாய்ந்தால் கண்ணாடி போகும். தொட்டி மட்டும், அதன் தண்ணீரோடு, கால் டன்னைத் தாண்டுகிற சுமை என்பதால் ஸ்டாண்டையும் அதற்குத் தகுந்தபடி கட்ட வேண்டும்.

தூண் தண்ணீருக்கு மேலே நீண்டு நிற்க வேண்டும், அதன்மேல் பலகை வேண்டும். பிவிசிப் பலகைகளை மரம் மாதிரித் தேய்த்து, இடைவெளி விட்டு வைத்து, விளக்கைப் பலகைக்கு மேலே தொங்கவிடுவேன். ஒரே புள்ளியிலிருந்து அடிக்கும் எல்இடி விளக்கு நல்லது. பலகை இடுக்கு வழியே வெளிச்சம் பட்டை பட்டையாக இறங்கி, தண்ணீர் அசைவுக்கு ஏற்ப மணலில் ஆடும். ட்யூப் விளக்கு போட்டால் எல்லாம் ஒரே சமமாக வெளுத்துவிடும், துறையின் அடி என்ற எண்ணமே வராது.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதைச் சொல்லித்தர ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஆர்ஓ தண்ணீரில் உப்பு கலந்தாலும் சரி, கடல் தண்ணீர் எடுத்தாலும் சரி, உவர்ப்பு ஆயிரத்துக்கு 35. ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025, 1.026. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைத் தண்ணீர் எடுக்காதீர்கள். ஆறுகள் இறங்கி உவர்ப்பு குறைந்திருக்கும், ஊர்க் கழிவும் கூட வரும். சென்னைக் கோடையில் தண்ணீர் 32 டிகிரி தாண்டும். மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆனால் தண்ணீர் வேகமாக வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே இருக்கிறது. வற்றியதை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். ஒரு வீட்டில் அக்கறையாக நாள்தோறும் உப்புத் தண்ணீரையே ஊற்றி ஊற்றி, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகிற நிலைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரே நாளில் சரிசெய்யப் போகாமல், பல நாள் எடுத்துச் சிறிது சிறிதாக உவர்ப்பை இறக்கியதில் பிழைத்தன.

தூணை வைத்து, தண்ணீர் நிரப்பி, மோட்டாரை ஓட்டியாயிற்று. இப்போதுதான் கஷ்டமான வேலை. ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். மேஸ்திரி இந்த நாட்களில் தொட்டி வைத்த வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய், தூணைச் சும்மா பார்த்துவிட்டு வருவார். எப்போது மீன் விடலாம் என்று கேட்டால், "தூண் பழகட்டும்" என்பார். அமோனியாவை நைட்ரைட்டாக்கி, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிற நுண்ணுயிர்கள் அந்தச் சொரசொரப்பில் குடியேற வாரக்கணக்காகும். முதலில் தூண் முழுக்கப் பழுப்புப் பொடி படியும். வீட்டுக்காரர் பதறிப் போன் செய்வார். துடைக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். பிறகு வெளிச்சப் பக்கம் பச்சை இழைப்பாசி வரும். அப்போது நத்தைகளை விடலாம். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியத்தில் நிலைத்த பிறகும் இன்னும் இரண்டு வாரம் விட்டுப் பிடிப்பது என் வழக்கம். மாதங்கள் போனால் சாந்து மேலும் ஓடுகள் மேலும் இளஞ்சிவப்பும் ஊதாவுமாகச் சுண்ணாம்புப் பாசி படரத் தொடங்கும். அதற்குப் பிறகு எது சிமெண்ட், எது ஓடு என்று கட்டியவனுக்கே தெரியாது.

இனி மீன். சின்ன மீன்கள்தான் இந்தத் தொட்டிக்கு. முதலில் பிளென்னி, கொட்டலசு ஓட்டுக்கு. அடுத்து மணலுக்கு உளுவை இனத்துச் சிறு கோபிகள். பலகை நிழலுக்குக் கார்டினல் மீன்கள். பகலில் தூணுக்குத் தூண் அசையாமல் மிதந்து நின்று, விளக்கு அடங்கும் நேரம் இரை தேடும். அவற்றில் ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காக்கும், அந்த நாட்களில் அது தின்னாது, நோய் என்று நினைத்து மருந்து ஊற்றிவிடாதீர்கள். டாம்சல்கள் கடைசியில், ஒரே நேரத்தில் எல்லாம். முன்னால் விட்டால் தொட்டியைத் தங்களுடையதாக்கிக்கொண்டு பின்னால் வருகிறவற்றை அடிக்கும். நன்றாகப் பழகிய தொட்டியில் ஆண் டாம்சல் தூணில் வழவழப்பான இடம் ஒன்றைத் தேர்ந்து வாயாலேயே சுத்தம் செய்யும். முட்டை ஒட்டியதும் துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் நிற்கும். அப்படியொரு வழவழப்பான இடத்தைக் கொட்டலசு ஒட்டாமல் கண்ணாடிப் பக்கமாக விட்டுவையுங்கள்.

பாம்பன் தூண்களைச் சுற்றிக் கூட்டமாகத் திரியும் சார்ஜண்ட் மேஜர் குஞ்சுகள், மஞ்சள் முதுகும் கறுப்புப் பட்டையுமாகக் கண்ணைப் பறிக்கும். நாளாக நாளாக ஒரு சாண் வரை வளர்ந்து மற்றவற்றை ஒடுக்கும். இரண்டடித் தொட்டிக்கு அதை நான் விற்கச் சொல்லமாட்டேன். எந்த மீனானாலும் நாலு வாரம் தனித்தொட்டியில் வைத்து, வெள்ளைப்புள்ளி நோய் இல்லையென்று பார்த்த பிறகே தூண் தொட்டிக்கு. நோய்க்குச் செம்பு மருந்து கொடுப்பதும் அந்தத் தனித்தொட்டியில் மட்டும். சாந்தும் ஓடும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அப்புறம் அந்தத் தூணில் இறால் வாழாது.

கூடுமானவரை பொரிப்பகத்தில் பிறந்த மீனையே வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் கோமாளி மீன்களையும் பல டாம்சல் வகைகளையும் பொரித்து வளர்க்கும் முறையை நிலைநாட்டியிருக்கிறார்கள். தொட்டியில் பிறந்தது உலர் தீவனத்தைத் தயங்காமல் எடுக்கும், கடலிலிருந்து வலையில் வந்ததைவிட நீண்ட நாள் இருக்கும். தூணில் பவளம் வைத்தால் நன்றாக இருக்குமே, கடற்குதிரை ஒன்று சுற்றி நின்றால் நன்றாக இருக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. 2001 முதல் இரண்டும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் தேசியப் பூங்கா. அங்கிருந்து வந்தது என்று யாராவது கல்லோ பவளமோ கொண்டுவந்து நீட்டினால் வாங்காதீர்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சாந்தில் செய்ய முடிந்ததைக் கடலிலிருந்து பெயர்ப்பவன் இந்த வேலையைக் கற்றவன் ஆகமாட்டான்.

கற்க வருகிறவர்கள் ஒரு அடி நீளப் பிவிசி பைப்பும், பழைய ஆக்ஸா பிளேடும், பார்த்து எழுதிய தூணின் குறிப்பும் கொண்டு வாருங்கள். மீனைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.